ஆட்டிசமும் கூட்டுறவும்: குளத்தூர் வட்டாரத்து உறுப்பினர்களின் சிந்தனைக்கு

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் ராச்டேல் நகரில் 28 பேர் ஒன்றுகூடி, ஆளுக்கு ஒரு பவுன் பங்குத்தொகை சேர்த்து, ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சரியான எடையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் நாடியது. தனியொருவன் கடைக்காரனிடம் முறையிட்டால் கேட்பாரில்லை. பலர் கூடினால் கடையே தம்முடையதாகிறது. இந்த எளிய உண்மையிலிருந்து வளர்ந்ததே இன்று உலகெங்கும் பரவியுள்ள கூட்டுறவு இயக்கம் என்பதை நம் உறுப்பினர்கள் நன்கறிவர்.

1995ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம், கூட்டுறவுக் கொள்கைகள் ஏழினை வகுத்துரைத்தது. அவற்றுள் ஏழாவது, சங்கம் தான் வாழும் சமூகத்தின்பால் அக்கறை கொள்ள வேண்டும் என்பதாகும். ஆண்டு முடிவில் இலாபத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதே இதன் பொருள். இக்கொள்கையை நெஞ்சிற்கொண்டு, நம் வட்டாரத்தில் வெளியே பேசப்படாத ஒரு குடும்பச் சுமையைப் பற்றி எழுத முற்பட்டோம். அஃது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் பற்றியது.

வீட்டுக்குள் அடங்கிய துன்பம்

குளத்தூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வானம் பார்த்த கரிசல் பூமி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் உளுந்தும் கம்பும் விதைக்கிறோம். மழை பொய்த்தால் ஊர் முழுவதும் அறியும்; கடன் தவணையைத் தள்ளிவைக்குமாறு மனு எழுதுகிறோம். நூல் விலை ஏறினால் தறிக்காரர் அனைவரும் கூடிப் பேசுகிறோம். ஆனால், மூன்று வயதாகியும் பேசாத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளை, ராட்டைச் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி அதையே மணிக்கணக்காகப் பார்த்திருக்கும் பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டின் துன்பம் எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இடம் பெறுவதில்லை.

அவ்வீட்டில் நிகழ்வது என்ன? தாயார் களையெடுக்கப் போவதை நிறுத்திவிடுகிறார். ஒரு கூலி போகிறது. தறி வீடாயின் தார் சுற்றும் கை ஒன்று குறைகிறது. தகப்பனார் கடன் வாங்கிக் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் அலைகிறார். குணமாக்கித் தருவதாகச் சொல்வோரிடமெல்லாம் பணம் கரைகிறது. கோயில் கொடையின் மேளமும் ஒலிபெருக்கியும் பிள்ளைக்குத் தாங்க முடியாத வேதனை தருவதால், குடும்பம் முழுவதுமே திருவிழாவுக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. மூத்த மகளுக்கு வரும் வரன் தட்டிப்போகுமோ என்னும் அச்சத்தால், விருந்தினர் வரும்போது பிள்ளையைப் பின்கட்டில் வைக்கிறார்கள். வளர்ப்புச் சரியில்லை என்று உறவினர் வாயிலிருந்து வரும் சொல் இவை அனைத்தினும் கொடியது.

இத்தகைய குடும்பம் எங்கோ ஒன்றிரண்டு இருக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஒரு சங்கத்தில் ஆயிரம் உறுப்பினர் குடும்பங்கள் உள்ளன என்று கொள்வோம். வீட்டுக்கு நால்வர் எனின் நாலாயிரம் பேர். மேற்சொன்ன விகிதம் இங்கும் பொருந்துமாயின், அவர்களுள் முப்பது பேருக்கு ஆட்டிசம் இருத்தல் கூடும். அந்த முப்பது வீடுகளும் ஒன்றையொன்று அறியாதிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு மட்டுமே இவ்விதி வாய்த்தது என்று எண்ணியிருக்கிறது.

ஆட்டிசம் என்பது யாது?

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் குழந்தை மனநல மருத்துவர், தாம் கண்ட 11 குழந்தைகளின் இயல்புகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசத்தைத் தனி நிலையாக மருத்துவ உலகம் அறிந்துகொண்டது அதன் பின்னரே. மூளை வளர்ச்சியில் மிக இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு இது. இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இது தொற்றுநோயன்று, பேய் பிசாசின் வேலையன்று, தாயின் வளர்ப்புக் குற்றமன்று. தடுப்பூசியால் வருவதுமன்று, பல நாடுகளில் இலட்சக்கணக்கான குழந்தைகளை ஆராய்ந்து இதனை உறுதி செய்துள்ளனர்.

நம் மாநில அரசின் ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவரைப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம் உடையோர்' என எழுதும் வழக்கம் உண்டு. சான்றிதழில் அச்சொல்லைக் கண்டு பெற்றோர் மனந்தளர வேண்டாம். அவர்கள் சிந்தனையற்றவர் அல்லர். சிந்தனையை வெளிப்படுத்தும் வழியும், ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் உணரும் விதமும் அவர்களுக்கு வேறுபடுகின்றன. ஒருவர் வாழ்நாள் முழுவதும் பேசாதிருக்கலாம். மற்றொருவர் கல்லூரிப் படிப்பை முடிக்கலாம். ஒருவருக்கு இடையறாத துணை வேண்டும். மற்றொருவர் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்வார்.

பெற்றோர் கவனிக்கத்தக்க அறிகுறிகள் சில உண்டு. ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை. வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை. மழலை பேசாமை, அல்லது பேசிய சில சொற்களும் மறைந்துபோதல். கையை உதறுதல் முதலிய ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல். வழக்கம் சிறிது மாறினும் பெரிதும் கலங்குதல். இவற்றைக் கண்டால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். பின்னர் குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சி ஆய்வு செய்விக்க வேண்டும். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இன்று இல்லை. நீக்குவதாகச் சொல்லி விற்கப்படுவது எதுவாயினும் அதற்குக் காசு கொடாதிருப்பதே நன்று. ஆயினும், வலிப்பு போன்றவை உடனிருந்தால் அவற்றுக்கு மருந்து இன்றியமையாதது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வேண்டுவது பயிற்சி. பேச்சும் சைகையும் படமும் கொண்டு தன் எண்ணத்தைத் தெரிவிக்கவும், உடுத்தவும் உண்ணவும், பிறரோடு பழகவும் கற்பித்தல் வேண்டும். இளமையிலேயே தொடங்கினால் பயன் மிகுதி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியை மட்டும் இங்கே சொல்லிப் பெற்றோரை அச்சுறுத்துதல் தகாது. இருபது வயதிலும் முப்பது வயதிலும் புதிய தொழில் கற்றுக்கொண்டோர் பலர் உளர்.

பெற்றோர் தொடங்கிய சங்கங்கள்

பயிற்சி வேண்டுமெனின், அதனைத் தரும் பள்ளி எங்கே? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத பெற்றோரே பல நாடுகளில் முதற்பள்ளிகளைத் தோற்றுவித்தனர். 1962ஆம் ஆண்டில் லண்டனில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவராகவும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயாராகவும் விளங்கியவர். 1965ஆம் ஆண்டில் அச்சங்கத்தார், சிபில் எல்கர் என்னும் ஆசிரியையைக் கொண்டு லண்டன் ஈலிங் பகுதியில் ஒரு பள்ளியைத் திறந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவிலும் பெற்றோரின் தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது. அதனை நிறுவுவதில் முன்னின்ற பெர்னார்ட் ரிம்லாண்டும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையே. தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று படித்தவர்களே நம்பியிருந்த காலம் அது. 1964ஆம் ஆண்டில் தாம் எழுதிய நூலில் ரிம்லாண்ட் அக்கொள்கையை மறுத்து, உடற்கூற்றிலேயே காரணத்தைத் தேட வேண்டும் என்று வாதாடினார். தாய்மார் மேல் சுமத்தப்பட்ட பழியைத் துடைக்க ஒரு தந்தையின் உழைப்பு உதவிற்று.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டில் டெல்லியில் மேரி பருவா என்னும் அம்மையார் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவரும் ஆட்டிசம் உள்ள மகனின் தாயாரே. 1994ஆம் ஆண்டில் 'ஓப்பன் டோர்' என்னும் பள்ளி அவ்வமைப்பின் சார்பில் தோன்றியது. பிள்ளைக்கு மட்டும் பயிற்சி தந்து அனுப்பாமல், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே பயிலும் முறையை அவர்கள் கையாண்டனர். ஊர் திரும்பிய பின் ஆசிரியர் உடன் வரமாட்டார்; தாய் தந்தையரே ஆசிரியராக வேண்டும் என்பது இதன் உட்கருத்து. நம்மைப் போன்ற தொலைவூர்களுக்கு மிகவும் ஏற்ற முறை இது.

தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான முயற்சிகள் உள. 1985ஆம் ஆண்டில் பூனம் நடராஜன் என்னும் அம்மையார் சென்னையில் மிகச் சில பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளியே இன்று 'வித்யா சாகர்' என்னும் பெயரால் விளங்குகிறது. நமக்கு இன்னும் அண்மையில், தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது 1975ஆம் ஆண்டில் விபத்துக்குள்ளாகிக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தம் சொந்த ஊரில் 1981ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். தசைத்தேய்வு நோயுற்ற கணக்காயர் எஸ். சங்கரராமன் 1992ஆம் ஆண்டில் அவரோடு இணைந்தார். 2020ஆம் ஆண்டில் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அச்சங்கம் ஆட்டிசத்துக்கென்றே அமைந்ததன்று. எல்லாவகை மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது. எனினும் அதன் வேலைமுறை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் கைப்பேசிச் செயலியுடன் வீடு தேடிச் சென்று, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருகின்றனர். தேர்ந்த சிகிச்சையாளர்கள் அவர்களை வழிநடத்துகின்றனர். சிற்றூரிலேயே ஒரு நிறுவனம் வேரூன்றி, சுற்றுக் கிராமங்களுக்குத் தொண்டாற்ற முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சட்டம் தந்துள்ள உரிமைகள்

சங்கமாகக் கூடியதால் விளைந்த பயன் பள்ளிகளோடு நின்றுவிடவில்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இடம் பெற்றன. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. சட்டத்தில் பெயரில்லாத பிள்ளைக்குச் சலுகை கேட்க வழியில்லாதிருந்தது. பெற்றோர் அமைப்புகள் இடைவிடாது வலியுறுத்தி வந்தன. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக அதனை ஏற்றது.

இவற்றால் கிடைப்பவை யாவை? தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவும் பயிற்சிச் செலவும் பெற வழியுண்டு. சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமையுண்டு. அருகிலுள்ள பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்துகொள்ளலாம். 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கின்றனர். வளர்ச்சித் தாமதம் காணப்பட்டால் மாவட்ட அளவிலுள்ள தொடக்கநிலைப் பயிற்சி மையத்துக்கு அனுப்புகின்றனர். குழுவினர் வரும் நாளில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால் இவ்வாய்ப்பு வீணாகும்.

"எங்களுக்குப் பிறகு யார்?" என்னும் கேள்விதான் வயதேறும் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுப்பது. இதற்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. மாவட்ட ஆட்சியரும், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் கொண்ட உள்ளூர்க் குழு, 18 வயது கடந்தவருக்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கலாம். அச்சட்டத்தின்கீழ்த் தன்னார்வ அமைப்புகள் மட்டுமன்றிப் பெற்றோர் சங்கங்களும் பதிவு பெறலாம் என்பதை நம் உறுப்பினர்கள் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மிசிசிப்பியில் ஓர் உழவர் வீடு

சட்டமும் பள்ளியும் இருந்தால் மட்டும் போதுமா? பிள்ளை வாழப்போவது ஊரில் அல்லவா? இதற்கு விடை கானர் 1943ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையின் முதற்குழந்தையிடமே கிடைக்கிறது. டொனால்ட் டிரிப்லெட் என்னும் அச்சிறுவன், பருத்தி விளைச்சலுக்குப் பெயர்பெற்ற மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவன். மருத்துவரின் அறிவுரைப்படி நான்கு வயதுக்குள்ளேயே அவனை ஒரு காப்பகத்தில் விட்ட பெற்றோர், ஓராண்டளவில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர். 1942ஆம் ஆண்டில், ஊரிலிருந்து பத்து மைல் தொலைவில் நிலம் உழுத குத்தகை உழவர் தம்பதியர் வீட்டில் அவனைத் தங்கவைத்தனர்.

எதனைக் கண்டாலும் அளக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தது. அவ்வுழவர் கண்டிக்கவில்லை, ஒரு கிணறு தோண்டச் சொல்லி, எவ்வளவு ஆழம் வந்தது என்று அவ்வப்போது அளந்து சொல்லுமாறு பணித்தார். மக்காச்சோள வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணிக்கொண்டே உழு என்று கலப்பையைக் கையில் கொடுத்தார். 1945ஆம் ஆண்டில் நேரில் சென்று பார்த்த கானர், சிறுவன் ஆறு நீண்ட சால்களை உழுததையும், குதிரையை அவன் திருப்பிய திறத்தையும் கண்டு வியந்து எழுதினார். அத்தம்பதியரின் நல்லறிவைப் பெரிதும் பாராட்டினார். பெருநகர மருத்துவர் வியந்த அந்த அறிவு மருத்துவ நூலிலிருந்து வந்ததன்று. முரட்டுக் காளையை அடியாமல் பழக்குபவனும், இழை அறுந்தால் தறியை நிறுத்தி நிதானமாக முடிச்சிடுபவனும் அறிந்த பொறுமையே அது.

டொனால்ட் 1958ஆம் ஆண்டில் கல்லூரிப் பட்டம் பெற்றார், தம் ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியே அயல்நாடுகளுக்குப் பயணம் சென்றார், 2023ஆம் ஆண்டில் 89ஆம் வயதில் காலமானார். ஊரார் அவரை அவர் இயல்போடு ஏற்றுக்கொண்டிருந்தனர். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் குடும்பம் செல்வக் குடும்பம். அந்த வங்கியே அவர்களுடையது. நம் கரிசல் காட்டில் வங்கி வைத்திருக்கும் தகப்பனார் எத்தனை பேர்? ஆதலின், அங்கே ஒரு குடும்பத்தின் செல்வம் செய்ததை இங்கே பலர் கூடிய சங்கமே செய்தாக வேண்டும். இதுவே இக்கட்டுரையால் நாம் வற்புறுத்த விரும்புவது.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, குடும்பங்கள் ஒன்றையொன்று அறிய வேண்டும். மாதம் ஒரு நாள் மாலையில் சங்கக் கட்டடத்தின் ஓர் அறையை இப்பெற்றோர் கூடுவதற்கு ஒதுக்கித் தருதல் செலவற்ற உதவி. பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் கூடாது; வர விரும்புவோர் தாமே வரட்டும். ஏழு பேர் இசைந்தால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு பெற்றோர் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பின்னர் தேசிய அறக்கட்டளையில் பதிவு கோருவதற்கும் வழி பிறக்கும்.

இரண்டாவது, அலைச்சலைக் குறைக்க வேண்டும். மதிப்பீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் ஒவ்வொரு தாயும் தனித்தனியே தூத்துக்குடிக்குச் சென்றுவருவதாயின், ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் போகும். கூட்டத்திலும் இரைச்சலிலும் பிள்ளை படும் பாடு வேறு. பலர் சேர்ந்து ஒரே வண்டியில் செல்லலாம். மனு எழுதத் தெரிந்த சங்கப் பணியாளர் ஒருவர் உடன் செல்லலாம். துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் பொதுநல நிதியிலிருந்து வண்டி வாடகை தருவது குறித்து நிர்வாகக் குழு ஆராயலாம்.

மூன்றாவது, வேலை. தார் சுற்றுதல், நூலை நிறம் பிரித்து அடுக்குதல், மிளகாய் வற்றலின் காம்பு கிள்ளித் தரம் பிரித்தல், பருத்தியில் கொட்டுப்பருத்தியை விலக்குதல் முதலிய பணிகள் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்பச் செய்யப்படுபவை. ஒழுங்கை விரும்பும் இளைஞர் சிலருக்கு இவை பொருந்தலாம். ஜப்பானில் மிசாவோ ஜோ என்னும் அம்மையார் 1960களின் இறுதியில் உருவாக்கிய 'சாவோரி' என்னும் கைத்தறி முறை, பிழை என்பதே நெசவில் இல்லை என்று கொண்டு, மாற்றுத்திறனாளிகள் பலரையும் தறியில் அமர்த்தியிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் தறி பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஒருவருக்கு இன்பம் தரும் தறியோசை மற்றொருவரின் காதைத் துளைக்கும். மிளகாய் நெடி ஒருவரை அன்று முழுவதும் துன்புறுத்தும். அவரவர் இயல்பறிந்து வேலை தர வேண்டும். செய்த வேலைக்கு உரிய கூலியைக் குறைக்காமல் தர வேண்டும். அது தருமமன்று, உரிமை.

நான்காவது, ஊரின் மனம் மாற வேண்டும். கொடை விழாவில் ஒரு மணி நேரமாவது ஒலிபெருக்கியை நிறுத்தி, இக்குடும்பங்கள் அமைதியாகச் சாமி கும்பிட்டுச் செல்ல வழிவிடலாம். ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2007ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்நாளில் அங்கன்வாடிப் பணியாளரையும் பள்ளி ஆசிரியரையும் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, உறுப்பினர்களுக்கு விளக்கம் சொல்லச் செய்யலாம். கல்வி புகட்டுதலும் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றன்றோ?

ராச்டேல் நெசவாளர் நாடியது கலப்படமில்லாத மாவு. நம் வட்டாரத்துப் பெற்றோர் நாடுவதும் அத்தகைய எளிய பொருளே: தம் பிள்ளையைப் பின்கட்டில் மறைக்காமல் வாசலில் நிறுத்திக்கொள்ளும் உரிமை, தமக்குப் பின் அப்பிள்ளையை ஊர் கைவிடாது என்னும் உறுதி. தனித்து நின்று இவற்றைப் பெற்ற பெற்றோர் அரியர். கூடி நின்று பெற்றவர் பலர். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவையும் வேண்டிக்கொள்கிறோம். அண்டை வீட்டில் அப்படியொரு பிள்ளை இருப்பதை அறிந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் அக்கூட்டத்துக்கு வரும்போது, அப்பிள்ளையின் பெற்றோரையும் உடன் அழைத்து வருவாராக.